குரல்வாயிலும் அலுவலகத் தொலைபேசியும்: ஓர் இணைப்பின் சமூகப் பொருள்

தொழில்நுட்பம் சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் வலுவாக உள்ளது. புதிய கருவியொன்று பழையதை ஒரே நாளில் அகற்றிவிடுவதில்லை. இரண்டும் நெடுங்காலம் அருகருகே இயங்குகின்றன. அவை சந்திக்கும் மூட்டுவாயைக் கூர்ந்து நோக்கின், செலவு யாருக்குக் குறைகின்றது, ஆபத்து யார்மீது விழுகின்றது என்பன புலப்படும். அலுவலகத்தின் உள்ளகத் தொலைபேசி இணைப்பகத்தை இணையவழிக் குரலோடு பொருத்தும் 'வொய்ஸ் கேட்வே', அதாவது குரல்வாயில், அத்தகையதொரு மூட்டுவாயாகும்.

முதலில் அதன் இயக்கத்தை நோக்குவோம். குரலைச் செக்கனுக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிற்றுகளாகக் குறிப்பது இலக்கமுறைத் தொலைபேசியில் நெடுங்கால வழக்கமாகும். இணையமுறையிலும் இக்குறிமுறை பரவலாகக் கையாளப்படுகின்றது. வேறுபாடு பயணத்திலேயே உள்ளது. பழைய முறையில், உரையாடல் முடியும்வரை ஒரு வழி அதற்கென்றே ஒதுக்கப்படுகின்றது. இணையமுறையிலோ குரல், பெரும்பாலும் 20 மில்லிசெக்கன் அளவான பொதிகளாக, ஏனைய தரவுகளோடு கலந்து செல்கின்றது. குரல்வாயில் குரலை மட்டுமன்றி, அழைத்தல், மணியடித்தல், துண்டித்தல் ஆகிய சைகைகளையும் ஒரு முறையிலிருந்து மற்றையதற்குப் பெயர்த்துக் கொடுக்கின்றது.

சிறிய அலுவலகங்களில் இவ்விணைப்பு செப்புக்கம்பி வழியே நிகழ்கின்றது. மின்னோட்டமும் மணியும் வழங்கும் முனை எப்.எக்ஸ்.எஸ். எனவும், அவற்றைப் பெறும் முனை எப்.எக்ஸ்.ஓ. எனவும் வழங்கப்படும். வழங்குவதைப் பெறுவதோடுதான் இணைத்தல் வேண்டும். பெரிய அலுவலகங்களில் பயன்படும் ஈ-1 இணைப்பு, செக்கனுக்கு 2.048 மெகாபிற் வேகமுடையது. அதன் 32 கூறுகளுள் 30 குரலுக்கும், ஒன்று சைகைக்கும், ஒன்று ஒத்திசைவுக்கும் உரியன. நேரத்துடிப்பை ஒரு பக்கம் வழங்க, மறுபக்கம் பின்பற்றாவிடின் ஒலி இடையிடையே சிதையும்.

இவை பொறியியற் சிக்கல்கள்; பொறியியலாற் தீர்க்கத்தக்கவை. மின்சாரம் பற்றிய வினா அவ்வாறானதன்று. பழைய தொலைபேசி, பொது இணைப்பகத்தின் மின்கலங்களிலிருந்து ஏறத்தாழ 48 வோல்ற்று மின்னழுத்தத்தைக் கம்பிவழியே பெற்றது. கட்டடம் இருளில் மூழ்கியபோதும் அது பேசியது. குரல்வாயிலோ அலுவலகத்தின் சொந்த மின்சாரத்தையே நம்பியுள்ளது. மின்தூக்கியின் அவசரத் தொலைபேசியும் தீ எச்சரிக்கைக் கருவியும் பல கட்டடங்களில் பழைய கம்பியையே சார்ந்திருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது. தொலைபேசி நிறுவனம் சுமந்த பொறுப்பு, இவ்வாறு ஓசையின்றிப் பாவனையாளரின் தோளுக்கு மாற்றப்படுகின்றது.

பிரித்தானிய அனுபவம் இதனைத் தெளிவாக்கும். அங்கு பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 டிசெம்பருக்குள் நிறுத்தத் திட்டமிடப்பட்டிருந்தது. ஆனால், முதியோரும் நோயாளரும் உதவிகோரப் பயன்படுத்தும் எச்சரிக்கைக் கருவிகள் மாற்றத்தின்போது செயலிழந்த பாரதூரமான சம்பவங்களை அடுத்து, 2023 டிசெம்பரில் கட்டாய மாற்றங்கள் இடைநிறுத்தப்பட்டன. 2024 இல் இறுதித் தவணை 2027 ஜனவரிக்குப் பின்தள்ளப்பட்டது. இலாபக் கணக்கிற் தோன்றாத மனிதரே அத்திட்டத்தின் வேகத்தைக் கேள்விக்குள்ளாக்கினர்.

எனவே புதிய தொழில்நுட்பத்தை மறுப்பது நம் நோக்கமன்று. மின்தடையின்போது பழைய கம்பியோடு தானாகவே இணைந்துகொள்ளும் முனையுடைய குரல்வாயில்கள் உள்ளன. மாற்று மின்கலங்களும் உள்ளன. அவற்றுக்குச் செலவிடுவதா என்ற முடிவு மட்டுமே எஞ்சியுள்ளது. அம்முடிவைக் கணக்காளரிடம் மாத்திரம் விட்டுவிடலாகாது. இரவில் தனித்திருக்கும் காவலாளியும், தொலைபேசி இயக்குநரும், மின்தூக்கியிற் செல்லும் சிற்றூழியரும் அதிற் பங்குகொள்ளுதல் வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஓர் அவசர அழைப்பை எடுத்துப் பார்ப்பதே, எந்த இணைப்புக்கும் நாம் வைக்கவேண்டிய முதற் சோதனையாகும்.