ஓர் இன்னிங்ஸிலிருந்து ஆறு இன்னிங்ஸுக்கு

“நேற்றுப் பத்து நிமிடம் நடந்தேன். உடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று ஏன் ஒரு மணி நேரம் நடக்கக் கூடாது?” இயன்முறை மருத்துவப் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி இது. தம் உடல் தமக்குத் திரும்பி வருவதை உணர்ந்த மகிழ்ச்சியில்தான் நோயாளர் இவ்வாறு கேட்கிறார். பத்து நிமிடத்தையே சற்று நீட்டினால் ஒரு மணி நேரம் ஆகிவிடும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் உடலைப் பொறுத்தவரை அவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். சிறிது நேரம் முழு வலிமையுடன் உழைத்த உடலை நெடுநேர உழைப்புக்கு மாற்றுவது எவ்வளவு நுட்பமானது என்பதை அமெரிக்கப் பேஸ்பால் விளையாட்டு தெளிவாகக் காட்டுகிறது.

இருவகை எறிவாளர்கள்

கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் செய்யும் பணியைப் பேஸ்பாலில் செய்பவர் ‘பிட்சர்’ எனப்படும் எறிவாளர். ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் 9 இன்னிங்ஸ் உண்டு; 3 மட்டையாளர்கள் ஆட்டமிழந்ததும் ஓர் இன்னிங்ஸ் முடியும். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் பந்துவீச்சாளர் மாறுவார். பேஸ்பாலில் ஒருவரே தொடர்ந்து எறிவார். அவரை வெளியே அழைத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் அவர் மீண்டும் எறிய வர முடியாது.

ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர் தொடக்க எறிவாளர். இவர் ஐந்து அல்லது ஆறு இன்னிங்ஸ் நின்று, 90 முதல் 100 பந்துகள் வரை எறிவார். பின்னர் நான்கைந்து நாள்கள் ஆட்டத்தில் இறங்கமாட்டார். அவர் களைத்தபின் வருபவர் மாற்று எறிவாளர். இவர் பெரும்பாலும் ஓர் இன்னிங்ஸ் மட்டுமே, ஏறக்குறைய 15 முதல் 20 பந்துகள், தம் முழு வேகத்தையும் செலுத்தி எறிவார். அடுத்த நாளே மீண்டும் அழைப்பு வரலாம். ஒரு பருவத்தில் மாற்று எறிவாளர் 60 அல்லது 70 இன்னிங்ஸ் எறிந்தாலே அது முழுமையான உழைப்பு. தொடக்க எறிவாளரிடம் 150 முதல் 200 வரை எதிர்பார்ப்பார்கள்.

ஆகவே, சிறந்த மாற்று எறிவாளரைக் கண்டதும், “இவரே ஆட்டத்தைத் தொடங்கினால் என்ன?” என்ற எண்ணம் அணிகளுக்கு எழுவது இயல்பு. அந்த எண்ணம் சிலருக்குப் பெருவாழ்வு தந்திருக்கிறது. சிலரை வருத்தியும் இருக்கிறது.

ஒரே அணி, இரு முடிவுகள்

டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் சி. ஜே. வில்சன் பல பருவங்கள் மாற்று எறிவாளராக இருந்தவர். 2009இல் 73 இன்னிங்ஸுக்குச் சற்று மேல் எறிந்த அவர், 2010இல் தொடக்க எறிவாளராகி 204 இன்னிங்ஸ் எறிந்தார். அடுத்த ஆண்டு அதையும் தாண்டினார்.

அதே அணியில் நெஃப்டாலி ஃபெலிஸ் என்ற இளைஞர் இருந்தார். 2010இல் ஆட்டத்தின் இறுதி இன்னிங்ஸை முடித்துக் கொடுக்கும் பணியில் 40 வெற்றிகளைக் காத்து, அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுக வீரர் விருதையும் பெற்றார். 2012இல் அவரும் தொடக்க எறிவாளராக்கப்பட்டார். ஏழு ஆட்டங்களைத் தொடங்கிய நிலையில் முழங்கையில் வலி கண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. அவருடைய முழங்கை பழைய பணியிலேயே இருந்திருந்தாலும் பழுதுபட்டிருக்கலாம். மாற்றம் ஒன்றே காரணம் என்று கூறிவிட இயலாது. ஆயினும், ஒருவருக்குப் பொருந்திய அளவு மற்றவருக்கும் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை என்பது இதிலிருந்து விளங்குகிறது.

உடலுக்குள் நிகழ்வது

பந்தை எறியும்போது முழங்கையின் உட்புறத்தில் எலும்புகளை இணைக்கும் தசைநார் கடுமையாக இழுபடுகிறது. சுற்றியுள்ள தசைகள் அந்தச் சுமையில் ஒரு பங்கைத் தாங்குகின்றன. தசைகள் களைத்தால் தசைநாரின் மீது விழும் சுமை கூடுகிறது. மேலும், பயிற்சியால் தசைகள் சில வாரங்களில் வலுப்பெறும். இரத்த ஓட்டம் குறைந்த தசைநார் அதைவிட மெதுவாகவே வலுப்பெறும். எனவே “எனக்கு வலிமை வந்துவிட்டது” என்று ஒருவர் உணரும் நாளில், உள்ளே உள்ள எல்லா உறுப்புகளும் அந்த வலிமைக்கு ஆயத்தமாகியிருக்க வேண்டும் என்பதில்லை.

இதனால்தான் பருவத்துக்கு முந்தைய பயிற்சிக் காலத்தில் தொடக்க எறிவாளர்கள் ஓரிரு இன்னிங்ஸில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகப் பந்துகளைக் கூட்டுகிறார்கள். புதிதாக இப்பணிக்கு வருபவர் வேறு சிலவற்றையும் கற்க வேண்டும். 20 பந்துகளில் செலவிட்ட வேகத்தை 90 பந்துகளுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். ஒரே மட்டையாளர் மூன்றாம் முறை எதிரே வரும்போது அவருக்கு எறிவாளரின் உத்திகள் பழகிப் போயிருக்கும்; ஆகவே இரண்டு வகைப் பந்துகள் போதா, மூன்றோ நான்கோ கைவசம் வேண்டும். ஆட்டங்களுக்கு இடைப்பட்ட நாள்களில் எப்படி ஓய்வெடுப்பது, எந்த நாளில் இலேசாக எறிந்து பார்ப்பது என்ற ஒழுங்கும் வேண்டும்.

அளந்து கூட்டியவர்

சிகாகோ வைட் சாக்ஸ் அணியின் கேரட் குரோஷே 2020இல் மாற்று எறிவாளராக அறிமுகமானார். 2022 ஏப்ரலில் அவருக்கு முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை நடந்தது. இச்சிகிச்சையை 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் டாமி ஜான் என்ற எறிவாளருக்குச் செய்தார். இன்றும் அவ்வீரர் பெயராலேயே அது வழங்குகிறது. குரோஷே ஓராண்டுக்கு மேல் கழித்தே களம் திரும்பினார்.

2023 முடிய, முதன்மை லீக்கில் அவர் எறிந்தவை மொத்தமே 73 இன்னிங்ஸ். 2024 பருவத்தின் தொடக்க நாளில், முதன்மை லீக்கில் முதன்முறையாக ஓர் ஆட்டத்தைத் தொடங்கி 6 இன்னிங்ஸ் எறிந்தார். அவர் மிகச் சிறப்பாக ஆடிக்கொண்டிருந்த வேளையிலேயே அணி ஒரு கட்டுப்பாடு விதித்தது: பருவத்தின் பிற்பகுதியில் எந்த ஆட்டத்திலும் 4 இன்னிங்ஸைத் தாண்ட அவரை விடவில்லை. அவர் நோயுற்றிருக்கவில்லை, எனினும், அறுவை கண்ட கை ஓராண்டில் எவ்வளவு சுமை ஏற்கலாம் என்று முன்கூட்டியே கணக்கிட்டார்கள். அந்த ஆண்டு 146 இன்னிங்ஸில் 209 மட்டையாளர்களை ‘ஸ்டிரைக் அவுட்’ செய்தார். அடுத்த ஆண்டு பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக 205 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். முதல் ஆண்டில் 4 இன்னிங்ஸோடு இறங்கி வந்த கைதான் அடுத்த ஆண்டு அவ்வளவு தொலைவு சென்றது.

வயது கூடியவர்களுக்கும் ஒரு சான்று உண்டு. சேத் லூகோ 2017இல் முழங்கைத் தசைநாரில் பகுதிக் கிழிசல் கண்டவர். பின்னர்ப் பல ஆண்டுகள் பெரும்பாலும் மாற்று எறிவாளராக இருந்தார். 2022இல் 65 இன்னிங்ஸ், 2023இல் தொடக்க எறிவாளராக 146க்கு மேல், 2024இல் 206க்கு மேல் என்று படிப்படியாக உயர்ந்தார். அப்போது அவருக்கு வயது 34. அவ்வாண்டு அமெரிக்கன் லீக்கின் சிறந்த எறிவாளர் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றார்.

திரும்பி வந்தவர்

பாஸ்டன் அணியின் டேனியல் பார்டு மிகு வேகத்துக்குப் பெயர் பெற்ற மாற்று எறிவாளர். 2012இல் தொடக்க எறிவாளராக மாறியபின் பந்தை இலக்கில் செலுத்தும் திறன் அவரை விட்டு நீங்கியது. 2013க்குப் பின் ஏழு ஆண்டுகள் முதன்மை லீக்கில் அவர் ஆடவில்லை. ஓய்வு பெற்று, இளம் வீரர்களுக்கு வழிகாட்டியாகவும் பணியாற்றினார். 2020இல், தம் 35ஆம் வயதில், கொலராடோ ராக்கீஸ் அணியில் மீண்டும் மாற்று எறிவாளராக வந்து, அவ்வாண்டு மீண்டெழுந்த வீரருக்கான நேஷனல் லீக் விருதைப் பெற்றார். 2023இல் மனப்பதற்றத்தின் காரணமாகச் சில வாரங்கள் விலகியிருப்பதை ஒளிக்காமல் அறிவித்துவிட்டு, பின்னர் களம் திரும்பினார்.

அவர் திரும்பி வந்தது ஓர் இன்னிங்ஸ் எறியும் பழைய இடத்துக்கே. அதை எவரும் தோல்வி என்று கொள்ளவில்லை. தமக்கு ஏற்ற அளவை அறிந்து அதில் நிலைத்து நிற்பதும் குணமடைதலே.

பந்தை வாங்கிக்கொள்பவர்

பேஸ்பாலில் ஒரு வழக்கம் உண்டு. எறிவாளரின் பந்து எண்ணிக்கையை வெளியே இருப்பவர்கள் குறித்துக்கொண்டே இருப்பார்கள். “இன்னும் ஓர் இன்னிங்ஸ் என்னால் முடியும்” என்பார் களத்தில் நிற்பவர். உரிய நேரத்தில் அணியின் மேலாளர் தாமே நடந்து சென்று, அவர் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொள்வார். அப்போது எறிவாளரின் முகம் வாடும். சிலர் சினம் கொள்வதும் உண்டு. ஆனாலும் அடுத்த ஆட்டத்துக்கு அந்தக் கையைக் காக்க அதுவே வழி.

இல்லத்தில் நோயாளரைப் பேணுபவரின் பணியும் பல வேளைகளில் இதுவே. இன்று எத்தனை நிமிடம் நடந்தார், மறுநாள் காலை வீக்கமோ வலியோ கூடியதா என்பதை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அடுத்த வருகையின்போது இயன்முறை மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். நேரத்தைக் கூட்டுவதா, வேகத்தைக் கூட்டுவதா, எதை முதலில் கூட்டுவது என்று அவரிடம் கேளுங்கள். அவர் அளவைக் குறைக்கச் சொன்னால் உடல் தேறவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

நோயாளர்களே, “இன்றைக்கு இது போதும்” என்று உங்கள் கையைப் பற்றி நிறுத்துபவரிடம் சினம் கொள்ளாதீர்கள். நாளைய நடைக்காகவே அவர் இன்று நிறுத்துகிறார்.