வாங்க ஆள் இருக்கு, விற்க கையெழுத்து இல்ல... செட்டிநாட்டு வீடுகள் பூட்டிக் கிடப்பது ஏன்?

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை... இந்த ஊர்களில் ஒரு தெருவில் வாசல் தொடங்கி அடுத்த தெருவில் கொல்லை முடியும் வீடுகளைப் பார்க்கலாம். பர்மா தேக்குத் தூண், இத்தாலி மார்பிள், ஆத்தங்குடி டைல்ஸ், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு என எல்லாம் இருக்கும். ஆனா வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் பல வீடுகளின் கதவில் பூட்டுதான் தொங்கும்.

"யாரும் குடியிருக்கல, பராமரிக்கவும் முடியல. அப்போ வித்துடலாமே?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. அது ஏன் அவ்வளவு சுலபமில்லை? பார்க்கலாம்.

எத்தனை பேருக்காகக் கட்டிய வீடு?

நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் வட்டித் தொழில் செய்து சம்பாதித்த பணத்தில் சொந்த ஊரில் எழுப்பியவை இந்த வீடுகள். பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்து 1940-கள் வரை கட்டப்பட்டவை.

வாசலில் முகப்பு, திண்ணை. உள்ளே நடுவில் வானம் தெரியும் வளவு, அதைச் சுற்றி வரிசையாக அறைகள். பின்னால் பந்தி போடும் கட்டு, அடுப்படி.

இந்தச் சமூகத்தில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு 'புள்ளி'. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வளவில் அவனுக்கென்று அறை கொடுத்து, 'வேறு வைப்பார்கள்'. அதாவது, ஒரே கூரையின் கீழ் தனிச் சமையல், தனிக் கணக்கு. வளவு மட்டும் எல்லாருக்கும் பொது. வீடு கட்டும்போதே எல்லாப் பங்காளிக்கும் இடம் வைத்துத்தான் கட்டினார்கள்.

பிறகு ஏன் காலியானது?

1930-களின் பொருளாதார மந்தம் முதல் அடி. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தது பெரிய அடி. 1948-ல் விடுதலை பெற்ற பர்மா, நிலங்களை நாட்டுடைமையாக்கத் தொடங்கியது. அங்கிருந்து வந்த வருமானம் நின்றது. அடுத்த தலைமுறை படிப்பு, தொழில், வேலை என்று சென்னை, கோவை, சிங்கப்பூர், அமெரிக்கா எனப் பிரிந்து போனது.

ஆனாலும் விட மனசு வராதது ஏன்?

வெளியூரில் இருந்தாலும் கல்யாணம், அறுபதாம் கல்யாணம், பிள்ளையார் நோன்பு, முன்னோர்களுக்கான படைப்பு என்றால் பல குடும்பங்கள் இன்னும் ஊருக்குத்தான் வருகின்றன. அன்றைக்குப் பூட்டு திறக்கும், வளவில் பாய் விரிக்கும், அடுப்படியில் புகை வரும்.

ஹோட்டல் போர்டுகளில் 'செட்டிநாடு' என்றால் காரமான சிக்கன்தான் ஞாபகம் வரும். ஆனா இந்த வீடுகளின் பந்தியில் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி எல்லாம் இடம் பிடிக்கும். கறுப்பான அந்தக் கவுனி அரிசியே பர்மா தொடர்பில் வந்ததுதான். கல்யாணத்துக்கு மண்டபம் வாடகைக்குக் கிடைக்கும். பங்காளிகள் அத்தனை பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சொந்த வீடு வாடகைக்குக் கிடைக்காது.

சரி, விற்கணும்னா சிக்கல் எங்கே?

கணக்கைப் பாருங்க. வீட்டைக் கட்டியவருக்கு 3 பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் 3 பிள்ளைகள் என்றால் 9 பேர். அடுத்த தலைமுறையில் 27 பேர். முழு வீட்டையும் விற்க இந்த 27 பேரின் கையெழுத்தும் வேணும். ஒருத்தர் மறுத்தாலும் கிரயம் நிற்கும்.

பெண்களின் உரிமையும் முக்கியம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. ஆனா, அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் நாடு முழுக்க வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் பாகம் பிரிக்கும் வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்று இருந்த 23-வது பிரிவும் அப்போதுதான் நீக்கப்பட்டது. ஆகவே "அக்கா, தங்கச்சி கையெழுத்து தேவையில்லை" என்று சொல்லி விற்கப்படும் வீட்டை வாங்குபவர் வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார்.

ஒருவர் தன் பங்கை மட்டும் விற்கலாமா?

விற்கலாம். ஆனா வாங்கும் வெளியாள், பிரிக்கப்படாத குடும்ப வீட்டுக்குள் வந்து மற்றவர்களோடு சேர்ந்து குடியிருக்க உரிமை கேட்க முடியாது. 1882-ன் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 44-வது பிரிவு சொல்வது இதுதான். அவர் பாகம் கேட்டு கோர்ட்டுக்குப் போனால், அந்தப் பங்கை கோர்ட் நிர்ணயிக்கும் விலைக்குத் தானே வாங்கிக்கொள்வதாகக் குடும்பத்தில் ஒருவர் முன்வரலாம். 1893-ன் பாகப்பிரிவினைச் சட்டம் 4-வது பிரிவில் அதற்கு வழி இருக்கு.

கோர்ட் வீட்டைப் பிரித்துத் தராதா?

ஒரு வளவை 27 துண்டாக்க முடியாது. இப்படிப்பட்ட சொத்தில், பாதிப் பங்கோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் கேட்டால், வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்க கோர்ட் உத்தரவிடலாம். விற்பனை வேண்டாம் என்பவர்கள் மதிப்பிட்ட விலைக்கு அந்தப் பங்குகளை வாங்கிக்கொள்ளவும் வாய்ப்பு தரப்படும். ஆனா வழக்கு முடிய வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை ஒழுகும் ஓட்டை மாற்ற யார் பணம் போடுவது? இங்கதான் பல வீடுகள் சரியத் தொடங்குகின்றன.

விற்றால் வீட்டுக்கு என்ன ஆகும்?

கட்டடமாக வாங்க ஆள் குறைவு. மரத்துக்கும் மனைக்கும்தான் கிராக்கி. பிரித்தெடுத்த தூண், நிலை, கதவு, பாத்திரம் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சட்டம் இருக்கு. 100 ஆண்டுக்குக் குறையாத கட்டடத்தில் இருந்து பெயர்த்தெடுத்த பொருளும் 1972-ன் தொல்பொருள் சட்டத்தின் கீழ் 'தொல்பொருள்' ஆகலாம். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. வியாபாரம் செய்ய லைசென்ஸ் தேவை.

2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனா அந்தப் பட்டியல் மட்டுமே தனியார் வீட்டை இடிப்பதைத் தடுத்துவிடாது.

வேற வழி இருக்கா?

இருக்கு. கானாடுகாத்தானில் விசாலம், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் போன்ற பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறி நிற்கின்றன. விருந்தினருக்கு வாழை இலைச் சாப்பாடு, ஊருக்குள் சமையல், பராமரிப்பு வேலை எனத் தொடர்கிறது. ஆனா எல்லா வீட்டையும் விடுதியாக்க முடியாது. அதற்கு முதலீடும், பங்காளிகளின் சம்மதமும் வேணும்.

விற்பவரும் வாங்குபவரும் கவனிக்க வேண்டியவை

* வம்சாவளியை எழுதி, ஒவ்வொரு கிளைக்கும் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்க.
* வில்லங்கச் சான்றிதழில் பழைய பாகப்பிரிவினை, அடமானம் இருக்கா என்று பாருங்க. நிலுவை வழக்கு அதில் வராமலும் போகலாம், தனியாக விசாரிங்க.
* வெளிநாட்டில் இருப்பவர் பவர் பத்திரம் அனுப்பினால், தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்று பெற வேண்டும். இந்தியா வந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.
* விற்பதா, வைத்திருப்பதா, வாடகைக்கு விடுவதா என்று முடிவானதைப் பத்திரமாகப் பதிவு செய்யுங்க. பராமரிப்புச் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்பதும் அதில் இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்யச் சரியான நேரம், எந்த அறை யாருடையது என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதுதான். ஒரு தலைமுறை தள்ளிப்போட்டால் 9 கையெழுத்து 27 ஆகும்.