கட்டப்பாவும் எங்கள் விடுதி வழக்கும்

2025ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ‘பாகுபலி’யின் இரு பாகங்களையும் சுருக்கி இணைத்து ஒரே படமாக வெளியிட்டார்கள். அந்த வாரம் எங்கள் விடுதியிலிருந்து எட்டுப் பேர் அதைப் பார்க்கப் போனோம். போகும்போது ஓர் அணியாகப் போனவர்கள் திரும்பும்போது இரண்டு அணியாகத் திரும்பினோம். மறுநாள் காலை உணவுக்கூடத்தில் மதுரை நண்பனும் தஞ்சை நண்பனும் தனித்தனி மேசையில் அமர்ந்து இட்லி தின்றார்கள். நான்கு ஆண்டு நட்பு ஒரு கட்டப்பாவால் கெட்டது!

இதைக் கேட்டுச் சிரிப்போர் சிரிக்கட்டும். நானும் முதலில் சிரித்தவன்தான். ஆனால் ஒரு வாரம் கடந்தும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. கற்பனைக் கதையில் வரும் கற்பனைக் கொலைக்காக உண்மை நண்பர்கள் ஏன் பிரிய வேண்டும்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. எண்ணிப் பார்த்ததில் எனக்குத் தெளிந்ததை மன்றத்து அன்பர்கள்முன் வைக்கிறேன்.

வினா பிறந்த ஊர்

நாம் படிக்கும் இந்த ஐதராபாத்தின் புறத்தேதான் இராமோஜி திரைப்பட நகரம் இருக்கிறது. மகிழ்மதியின் அரண்மனையும் கோட்டை வாயிலும் அங்கேதான் எழுந்தன. இயக்குநர் இராஜமௌலி, கதை அவர் தந்தை விஜயேந்திர பிரசாத். தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே எடுக்கப்பட்ட படம் அது. தமிழ் உரையாடலை எழுதியவர் மதன் கார்க்கி. கட்டப்பாவாக நடித்தவர் நம் சத்யராஜ்.

முதற் பாகம் 2015ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் வெளிவந்தது. அதன் இறுதியில், பாகுபலியைக் கொன்ற துரோகி தானே என்று கட்டப்பா சொல்கிறான். அத்துடன் படம் முடிந்துவிட்டது. விடை சொல்ல வேண்டிய இரண்டாம் பாகம் வந்தது 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள். இடையில் ஏறத்தாழ 22 மாதங்கள். ‘கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றான்?’ என்று நாடே கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது நாங்கள் பள்ளி மாணவர்கள். கணக்கு ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின் வரிசையில் இந்த வழக்குத் தொடங்கிவிடும்.

‘பலன் கொடுத்து அரசைப் பெறத்தான் கொன்றான்’ என்றான் ஒருவன். ‘விடுதலைக்கு ஆசைப்பட்டுக் கொன்றான்’ என்றான் மற்றொருவன். ‘பாகுபலி சாகவே இல்லை, எல்லாம் நாடகம்’ என்றான் மூன்றாமவன். ‘இராணி சொல்லியிருப்பாள்’ என்றவனை எல்லோரும் சேர்ந்து எள்ளினோம். குழந்தையைக் காக்க உயிர்விட்ட சிவகாமியா கொல்லச் சொல்வாள் என்பது எங்கள் வாதம். கடைசியில் எள்ளப்பட்டவனே வென்றான்.

சான்றும் ஊகமும்

அவன் சோதிடம் பார்த்துச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துத்தான் சொன்னான். முதற் பாகத்தில் இரண்டு இடங்களைக் கருதுங்கள்.

ஒன்று, வாள் வணிகன் அஸ்லாம் கான் வரும் காட்சி. கட்டப்பாவின் திறமையைக் கண்டு வியந்த அவன், அடிமைத் தளையிலிருந்து உன்னை மீட்கிறேன் என்கிறான். கட்டப்பா மறுக்கிறான். அரியணைக்கு அடிமையாய் இருப்போம் என்று தன் முன்னோர் கொடுத்த வாக்கு தன்னையும் கட்டும் என்கிறான். விலை கொடுத்தாலும் விடுதலை வேண்டாதவன் ஆசைக்காகக் கொலை செய்வானா? மாட்டான். ஆணைக்காகவே செய்வான். முதல் இரண்டு ஊகங்களும் இந்த ஒரு காட்சியிலேயே வீழ்ந்துவிடுகின்றன.

மற்றொன்று, படத்தின் தொடக்கம். அம்பு தைத்த உடலோடு சிவகாமி வெள்ளத்தில் குழந்தையை உயர்த்திப் பிடிக்கிறாள். தான் செய்த பாவத்துக்குத் தன் உயிரை எடுத்துக்கொண்டு குழந்தையை வாழவிடும்படி சிவனை வேண்டுகிறாள். நாங்கள் அவளுடைய தாய்மையை மட்டும் கண்டோம். பாவம் என்ற சொல்லைக் கோட்டை விட்டோம். அவள் செய்த பாவம் யாது? அந்தக் கேள்வியைக் கேட்டவனுக்கு விடையில் பாதி கிடைத்துவிட்டது.

இரண்டாம் பாகம் மறுபாதியைத் தந்தது. பல்வாள்தேவனும் அவன் தந்தையும் விரித்த சூழ்ச்சி வலையில் சிவகாமி விழுகிறாள். பாகுபலியைக் கொல்லக் கட்டப்பாவுக்கு ஆணையிடுகிறாள். அவன் மறுக்கிறான். நீ கொல்கிறாயா, நானே கொல்லட்டுமா என்று அவள் கேட்கும்போது அவனுக்கு வழி அடைபடுகிறது. கொன்ற பிறகு சூழ்ச்சி வெளிப்படுகிறது. சிவகாமி மனம் நொந்து, பாகுபலியின் குழந்தையை அரசனாக அறிவிக்கிறாள். பிறகுதான் அம்பும் ஆறும்.

ஆகவே கதை ஊகத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. கதை காட்டியதிலிருந்து அது முளைக்க வேண்டும். கதைமாந்தரின் குணத்தோடு பொருந்த வேண்டும். எதிர்ச்சான்று வந்தால் ‘தோற்றேன்’ என்று சொல்லவும் இடம் வைத்திருக்க வேண்டும். ‘பாகுபலி சாகவே இல்லை’ என்றவன் எந்தச் சான்றுக்கும் அசையவில்லை; ‘அதுவும் நாடகம்’ என்றே சொல்லிவந்தான். எந்தக் காலத்திலும் தோற்க முடியாத ஊகம் எதையும் விளக்குவதில்லை.

இங்கே நமக்கென்று ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. அறைத்தோழர் தெலுங்குப் படத்தின் சொல்லைச் சொல்வார். நாம் தமிழ்ப் படத்தின் சொல்லைச் சொல்வோம். காட்சி ஒன்றாயினும் சொல் வேறு. ஒரு சொல்லைப் பிடித்து வாதிடும்போது அது எந்த மொழிப் படத்தின் சொல் என்று முதலில் கேட்டுக்கொள்வது நலம்.

கடல் கடந்த வழக்கு

‘சூப்பர் ஹீரோ’ படங்கள் என்று உலகம் கொண்டாடும் அமெரிக்கப் படங்களிலும் இதே நிலைதான். 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்பினிட்டி வார்’ படத்தின் முடிவில் தானோஸ் விரலைச் சொடுக்கி உயிர்களில் பாதியை அழித்துவிடுகிறான். அதற்குமுன் டாக்டர் ஸ்டிரேஞ்ச், டோனி ஸ்டார்க்கின் உயிருக்கு ஈடாகக் காலக்கல்லை அவனிடம் கொடுத்துவிடுகிறார். உயிரே போனாலும் கல்லைக் காப்பேன் என்றிருந்தவர் ஏன் கொடுத்தார்? ஓராண்டுக் காலம் உலகெங்கும் இளைஞர்கள் இதைப் பேசினார்கள்.

விடைக்கு வித்து அந்தப் படத்திலேயே இருந்தது. எதிர்காலங்கள் 1,40,00,605-ஐத் தாம் கண்டதாகவும், வெற்றி கிடைப்பது ஒன்றே ஒன்றில்தான் என்றும் அவர் சொல்லியிருந்தார். அப்படியானால் அந்த ஒன்றுக்கு ஸ்டார்க் உயிரோடு இருந்தாக வேண்டும். 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த ‘எண்ட்கேம்’ அதை உறுதி செய்தது. இறுதிச் சொடுக்கு ஸ்டார்க்கினுடையது. அதற்கு விலை அவன் உயிர்.

அதே காலத்தில், எறும்பு மனிதன் தானோஸின் உடலுக்குள் சிறிதாகப் புகுந்து பெரிதாக வளர்ந்தால் வேலை முடிந்ததே என்றும் ஒரு வேடிக்கை ஊகம் பரவிற்று. சிரிக்க நன்று. ஆனால் அது ஒருவனுடைய ஆற்றலை மட்டும் கணக்கிட்டது. அந்தக் கதை எதைப் பற்றியது என்பதைக் கணக்கிடவில்லை.

இரண்டு கேள்விகள்

இப்போது எங்கள் விடுதி வழக்குக்கு வருகிறேன். மேலே சொன்ன விடையெல்லாம் எட்டுப் பேருக்கும் தெரியும். இணைத்த படத்தில் 22 மாதக் காத்திருப்பு சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. ‘ஏன் கொன்றான்’ என்பதில் ஐயமே இல்லை. பிறகு எதற்குச் சண்டை?

மதுரை நண்பன் சொன்னான்: “அடிமைக்கு ஏதுடா சரியும் தப்பும்? கொடுத்த வாக்கைக் காப்பாத்தினான். அவனால வேற என்ன செய்ய முடியும்?”

தஞ்சை நண்பன் துள்ளினான்: “மாமா மாமான்னு கூப்பிட்ட பிள்ளையை முதுகுல குத்தினவனுக்கு வாக்கு ஒரு கேடா? கத்தியைக் கீழே போட்டிருக்கலாமேடா!”

ஒருவன் ‘ஏன்’ என்பதற்கு விடை சொன்னான்; மற்றவன் ‘சரியா’ என்று கேட்டான். இரண்டும் வேறு கேள்விகள். முன்னதை அடுத்த பாகம் வந்து முடித்துவைக்கும். பின்னதை எந்தப் பாகமும் முடித்துவைக்காது. காரணம் சொல்லிவிட்டால் குற்றம் நீங்கிவிட்டது என்று ஒருவன் நினைக்கிறான். குற்றம் சாட்டிவிட்டால் காரணம் இல்லையென்று ஆகிவிடும் என்று மற்றவன் நினைக்கிறான். இரவு இரண்டு மணி வரையில் இப்படியே கழிந்தது.

நம் இலக்கியத்தில் இது புதிதன்று. கம்பராமாயணத்தில் வாலி, மறைந்து நின்று அம்பெய்தது ஏன் என்று இராமனையே கேட்கிறான். காவியத்துக்குள்ளேயே மறுமொழியும் இருக்கிறது. மறைந்து நின்றதற்கு இலக்குவன் காரணம் கூறுகிறான். காரணம் கிடைத்த பிறகும் வழக்கு முடிந்ததா? சா. கணேசன் 1939ஆம் ஆண்டு காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அன்று முதல் எத்தனை கம்பன் விழா மேடைகள்! வாலி வதையை எத்தனை நடுவர்கள் தீர்த்துவைத்திருப்பார்கள்! இன்னும் அது தீரவில்லை. தீராமையே அதன் சிறப்பு.

மறுவாரம் எங்கள் ஆராய்ச்சி மாணவி அக்கா ஒருவரிடம் இந்த வழக்கைச் சொன்னேன். அவர் கேட்டார்: “கும்பகர்ணனை நினைச்சுப் பார்த்தியா தம்பி? அண்ணன் செய்தது தப்புன்னு அவனுக்கும் தெரியும். சொல்லிப் பார்த்தான், கேட்கலை. செஞ்சோற்றுக் கடனுக்காகப் போருக்குப் போனான். ஆனா அவன் கொடுத்தது தன் உயிரை. கட்டப்பா கொடுத்தது அடுத்தவன் உயிரை. வாக்குக்காகத் தன்னைக் கொடுக்கலாம், பிறரைக் கொடுக்கலாமா?”

அவர் மேலும் ஒன்று சொன்னார். கும்பகர்ணன் கடன் அவனே உண்ட சோற்றின் கடன். கட்டப்பாவின் கடனோ, அவன் பிறக்குமுன் யாரோ எழுதிய கடன். முன்னோர் வாக்கு பின்னோரைக் கட்டுமா? இதுதான் படம் எழுப்பும் உண்மையான கேள்வி என்றார்.

நான் இதைக் கொண்டுபோய் மதுரை நண்பனிடம் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான். படிப்பு முடிந்ததும் மகன் ஊருக்குத் திரும்பி மாமாவின் கடையைப் பார்த்துக்கொள்வான் என்று அவன் தந்தை வாக்குக் கொடுத்திருக்கிறாராம். அந்த வாக்கின் பேரில்தான் மாமா படிப்புச் செலவை ஏற்றிருக்கிறார். அவனுக்கோ மேலே ஆராய்ச்சி செய்ய ஆசை. “வாக்கு ஒரு கேடான்னு அவன் கேட்டப்ப எங்க அப்பாவைக் கேட்ட மாதிரி இருந்துச்சுடா” என்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நாம் திரைப்படத்தைப் பற்றி வாதிடுவதாக நினைக்கிறோம். பல வேளைகளில் நம் வீட்டைப் பற்றியே வாதிடுகிறோம். சொந்த வழக்கை நேரே பேச நாணுகிற மனம் கட்டப்பாவை வக்கீலாக அமர்த்திக்கொள்கிறது. ஆகையால் எதிரில் இருப்பவன் வரம்பு மீறிச் சூடேறினால், அவனுக்குப் படம் புரியவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவன் வேறெதையோ பேசிக்கொண்டிருக்கலாம்.

இனி வரும் வழக்குகள்

இந்நகரத்துத் தெலுங்குத் திரையுலகம் நமக்கு வழக்குகளைக் குறைவின்றி வழங்கி வருகிறது. 2024ஆம் ஆண்டு சனவரியில் வந்த பிரசாந்த் வர்மாவின் ‘ஹனுமான்’, இராமனுக்கும் அனுமனுக்கும் இடையிலான வாக்குறுதி ஒன்றைப் புதிராக வைத்து முடிந்தது. அங்கும் வாக்குத்தான்! அதே ஆண்டு சூன் 27ஆம் நாள் வந்த ‘கல்கி 2898 ஏடி’, பைரவன் யார் என்பதற்குக் கர்ணன் என்று விடை காட்டிவிட்டு நின்றது. செஞ்சோற்றுக் கடனுக்குப் பேர்போன கர்ணன் இந்த முறை எந்தப் பக்கம் நிற்பான் என்று உணவுக்கூடத்தில் இப்போதே பந்தயம் நடக்கிறது.

வாதிடுங்கள். வாதிடுவது நமக்கு வாழையடி வாழையாய் வந்த பழக்கம். பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே உண்டு. புகார் நகரத்து இந்திர விழா அறிவிப்பில் அது வருகிறது. வாதிடுவோர் முறையறிந்து மேடையேறுக என்று சொல்லும் அதே அறிவிப்பு, பகைவரோடும் சினமும் பூசலும் வேண்டாம் என்றும் சொல்கிறது. முறையும் வேண்டும், பொறையும் வேண்டும். படம் காட்டியதைச் சான்றாக வையுங்கள். ‘ஏன்’ என்பதையும் ‘சரியா’ என்பதையும் பிரித்துக் கேளுங்கள். தோற்றால் ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள்.

எங்கள் வழக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? கடை விவரத்தைத் தஞ்சை நண்பனிடம் நான் சொல்லவில்லை; மதுரை நண்பனே போய்ச் சொன்னான். இப்போது இருவரும் ஒரே மேசையில்தான் உண்கிறார்கள். கட்டப்பா செய்தது சரியில்லை என்பதில் தஞ்சை நண்பன் இன்றும் உறுதியாக இருக்கிறான். ஆனால் மாமாவுக்கு எப்படிக் கடிதம் எழுதலாம் என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கூட உட்கார்ந்து யோசித்தவனும் அவன்தான்.