மன்னவனூர்ச் செம்மறியும் சினைக்கு முந்திய தீவனமும்

பழனி மலைத்தொடரின் மேற்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்திலுள்ள மன்னவனூரில், ராஜஸ்தான் மாநிலம் அவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இயங்கி வருகிறது. ரம்புலே, மெரினோ ஆகிய அயலினங்களை நாட்டுச் செம்மறிகளுடன் கலந்து மெல்லிய கம்பளிக்காக உருவாக்கப்பட்ட பாரத் மெரினோ இங்கு வளர்க்கப்படுகிறது. உறைபனி விழும் மாதங்களில் புல்லின் வளர்ச்சியும் சத்தும் குன்றிவிடும் இம்மலைச் சூழலில், கிடா சேர்க்கும் வேளையில் பெட்டையாட்டின் உடல் எந்நிலையில் இருக்கிறது என்பதே ஈற்றைப் பெரிதும் முடிவு செய்கிறது.

கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், இரத்தத்தில் ஓடும் இன்சுலின், குளுக்கோஸ் ஆகியவற்றின் அளவைக் கொண்டு உடலின் சத்து இருப்பை உணரும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி, அதற்கேற்பப் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டிக் கருமுட்டைகளை முதிரச் செய்கிறது. இருப்பு மிகவும் குறைந்தால் ஆடு பருவத்துக்கே வராமல் போகும், ஓரளவு குறைந்தால் இரட்டைக் குட்டிக்கான வாய்ப்பு கைநழுவும்.

தராசு மட்டும் இதைச் சொல்லிவிடாது. நனைந்த கம்பளியும் நிறைந்த இரைப்பையும் எடையைக் கூட்டிக் காட்டும் என்பதால், இடுப்பு முதுகெலும்பின் மேல் விரல்களை அழுத்தி, எலும்பை மூடிய தசையையும் கொழுப்பையும் உணர்ந்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் இடும் முறையே நம்பத்தக்கது. எலும்பு முனைகள் கூராகக் குத்தினால் 1, கொழுப்பில் புதைந்து தட்டுப்படாவிடில் 5, சேர்க்கைக்கு ஏற்றது 3 முதல் 3.5 வரை.

செம்மறியின் பருவச் சுழற்சி ஏறத்தாழ 17 நாள் என்பதால், சேர்க்கைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே நல்ல மேய்ச்சலோடு அடர்தீவனமும் கொடுத்தால் முதிரும் முட்டைகள் கூடுகின்றன. இப்பயன் மெலிந்த, நடுத்தர உடல்நிலை ஆடுகளிலேயே தெளிவாகத் தெரிகிறது. கொழுத்த ஆட்டுக்கு ஊட்டுவது பெரும்பாலும் வீணே. சேர்ந்த பின் அளவுமீறி ஊட்டினால், கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைக் கல்லீரல் விரைந்து சிதைப்பதால், இளங்கரு அழியவும் கூடும். ஏறத்தாழ ஐந்து மாதச் சினைக்காலத்தின் கடைசி ஆறு வாரங்களில்தான் குட்டியின் எடையில் பெரும்பகுதி சேர்வதால், அப்போது தீவனத்தை மீண்டும் உயர்த்த வேண்டும். கிடாவின் விந்தணு உருவாக ஏறத்தாழ ஏழு வாரம் ஆவதால், அதற்கான கவனிப்பு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

மெலிந்த ஆட்டின் உடல்நிலையை ஒரு மதிப்பெண் உயர்த்தவே வாரங்கள் பல தேவைப்படும். ஆகவே, ஆடு வளர்ப்போர் கிடா சேர்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பே ஒவ்வோர் ஆட்டின் முதுகையும் தொட்டுப் பார்த்து, மெலிந்தவற்றைத் தனியே பிரித்து, கையிருப்புத் தீவனத்தை அவற்றுக்கே முதலில் கொடுக்க வேண்டும்.