கிறித்தவத்தில் ஆன்மிக வாழ்வின் மேலான மதிப்பு

கிறித்தவ நம்பிக்கையில் ஆன்மிக வாழ்வு என்பது இறைவனை அறிந்து, அவரோடு ஒன்றித்து, அந்த அறிவுக்கு ஏற்பப் பிறரிடம் நடந்துகொள்ளும் வாழ்வைக் குறிக்கும். செல்வம், பதவி, குலப்பெருமை, ஏன் உயிரைக் காட்டிலும் இவ்வாழ்வே மேலானது என்பது கிறித்தவத்தின் அடிப்படைப் போதனைகளுள் ஒன்று. தேனி மாவட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும் அடங்கிய மதுரை வட்டாரத்தில் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இது போதிக்கப்பட்டு வருகிறது. இங்கு அந்தப் போதனைக்குப் பெரும் சோதனையாக வந்தது சாதி. ஆகவே இதன் பொருளையும், நடைமுறையில் இது கேட்ட விலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பவுல் எழுதிய கணக்கு

இப்போதனைக்கு முதன்மையான ஆதாரம், திருத்தூதர் பவுல் பிலிப்பி நகரத்துச் சபைக்கு எழுதிய திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம். பவுலைத் தமிழ்க் கத்தோலிக்கர் சின்னப்பர் என்றும் அழைப்பர். சிறையிலிருந்து எழுதிய இத்திருமுகத்தில் அவர் ஒரு வணிகரைப் போலத் தம் வாழ்வைக் கணக்குப் பார்க்கிறார். இலாபம், நஷ்டம் என்ற சொற்களையே பயன்படுத்துகிறார்.

நஷ்டத்தின் பக்கம் அவர் எழுதியவை எவை என்பதைக் கவனிக்க வேண்டும். அவை பாவங்களோ தீய பழக்கங்களோ அல்ல. இஸ்ரயேல் இனத்தில் பிறந்தது, பெஞ்சமின் குலத்தைச் சேர்ந்தது, எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றது, பரிசேயராகத் திருச்சட்டத்தைப் பிசகாமல் கடைப்பிடித்தது ஆகியவற்றையே அவர் அடுக்குகிறார். அன்றைய சமுதாயத்தில் இவை அனைத்தும் மதிப்புக்குரியவை. கிறிஸ்துவை அறிவதன் முன் இவற்றையே அவர் குப்பை என்கிறார்.

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே பருமனையும் பச்சை நிறத்தையும் பார்த்து விலை வைக்கிறார்கள். சிறிய காயைத் தனியே பார்க்கும்போது குறை தெரியாது. நல்ல பருமனான காயைப் பக்கத்தில் வைத்தவுடன் அதன் மதிப்பு இறங்கிவிடுகிறது. சிறிய காய் அதற்குள் கெட்டுப்போகவில்லை; ஒப்பிடும் அளவு மாறிவிட்டது. பவுலுக்கும் அளவுகோல்தான் மாறியது. முன்பு பெருமையாகத் தெரிந்தது, மேலான ஒன்றைக் கண்டபின் பெருமையாகத் தெரியவில்லை.

மத்தேயு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்திலுள்ள புதையல், முத்து ஆகிய இரு உவமைகளும் இதையே சொல்கின்றன. நிலத்தில் புதையலைக் கண்டவர் தமக்குள்ளதையெல்லாம் விற்று அந்நிலத்தை வாங்குகிறார். அவர் அதை மகிழ்ச்சியோடு செய்தார் என்று நற்செய்தி குறிப்பிடுகிறது. எனவே கிறித்தவத் துறவு என்பது வெறுப்பில் பிறப்பதன்று. மேலான ஒன்றைக் கண்ட மகிழ்ச்சியில் பிறப்பது.

அரண்மனையை விட்ட அருளானந்தர்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குச் செல்லும் சாலையில் கருமாத்தூரில் அருள் ஆனந்தர் கல்லூரி உள்ளது. அப்பெயருக்குரிய புனித அருளானந்தர் 1647-இல் லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தவர். இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. சிறுவயதில் போர்த்துக்கீசிய அரண்மனையில் இளவரசருக்குத் தோழராக வளர்ந்தார். இயேசு சபையில் சேர்ந்து, 1673-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். மதுரை மிஷனில் பண்டாரசாமியாகக் காவி உடுத்தி, மரக்கறி உண்டு, கால்நடையாக ஊர் ஊராகச் சென்றார்.

1686-இல் மறவர் நாட்டில் சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளான பின் அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய இளமைத் தோழர் அப்போது போர்ச்சுகலின் அரசராக இருந்தார். அவரைத் தம்முடனேயே வைத்துக்கொள்ள அரசர் விரும்பினார். மானமும் வசதியும் நிறைந்த வாழ்வு காத்திருந்தது. ஆனால் அவர் 1690-இல் மீண்டும் இந்தியாவுக்குத் திரும்பினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். 1947-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இல்லறத்தில் இருந்த தேவசகாயம்

ஆன்மிக வாழ்வு துறவியர்க்கே உரியது என்ற எண்ணத்திற்குத் தேவசகாயத்தின் வாழ்வு மறுப்பாக அமைகிறது. 1712-இல் குமரி மாவட்டத்திலுள்ள நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசில் அலுவலராகப் பணியாற்றியவர், மணமானவர். டச்சுப் படைத்தலைவராக இருந்த டிலனாய் வழியாகக் கிறித்தவத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் கைது செய்யப்பட்டு, மூன்றாண்டுத் துன்பத்திற்குப் பின் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, முன்பு அவர் பெயரோடு வழங்கிய சாதிப்பட்டம் சேர்க்கப்படவில்லை. பவுலின் கணக்கில் முதலில் தள்ளப்பட்டதும் பிறப்புப் பெருமையே என்பதை இங்கே நினைவுகூரலாம்.

பிறப்புப் பெருமை என்னும் சோதனை

தனி மனிதர் அரண்மனையைத் துறப்பதைவிட, ஒரு சமூகம் பிறப்புப் பெருமையைத் துறப்பது கடினமாக இருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, நற்செய்தி மக்களைச் சென்றடைய வேண்டி, சாதி வழக்கங்களைச் சமூக நடைமுறையாகக் கருதி இடம் கொடுத்தார். பின்னர் வெவ்வேறு சாதியினரிடையே பணியாற்றத் தனித்தனிக் குருக்கள் இருந்தனர்.

1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் வேறு வழியில் சென்றது. பெரியகுளமும் இதன் பணித்தளங்களுள் ஒன்று. 1847-இல் இம்மிஷன், சாதியைக் கைவிடுவதைச் சபை உறுப்பினருக்கு நிபந்தனையாக்கியது. எல்லாரோடும் ஒரே பந்தியில் உண்பது அதற்கான சோதனையாக அமைந்தது. இதை ஏற்காமல் பலர் விலகினர். ஊழியர்களும் அவர்களுள் இருந்தனர். பொருளைக் கொடுக்க முன்வந்தவர்களுக்கும் பந்தியில் அடுத்தவர் அருகே அமர்வது பெரிய நஷ்டமாகத் தோன்றியது.

இந்தக் கணக்கு இன்றும் முடியவில்லை. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணைப்படி, அச்சாதியினர் கிறித்தவராக மாறினால் பட்டியல் சாதித் தகுதியை இழக்கின்றனர். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். கல்வியிலும் வேலையிலும் இது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. ஆன்மிக வாழ்வு எல்லாவற்றிலும் மேலானது என்று போதிக்கும் சபை, இவ்வாறு இழந்தவரைத் தன் பந்தியில், தன் கல்லறைத் தோட்டத்தில், தன் நிர்வாகத்தில் சமமாக நடத்துகிறதா என்பது அந்தப் போதனைக்கான நேரடிச் சோதனை.

இரு தவறான புரிதல்கள்

முதலாவது, ஆன்மிக வாழ்வு உலகக் கடமைகளை இகழ்கிறது என்பது. பசித்தவருக்கு உணவளிப்பதைத் தமக்கே செய்ததாக இயேசு கொள்வதாக மத்தேயு 25-ஆம் அதிகாரம் கூறுகிறது. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களின் கிறித்தவ உழவர்க்கு வயல்வேலையும் அன்றாடச் செபமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தவக்காலத்தின் 40 நாட்களில் நோன்போடு தருமமும் சேர்த்து வலியுறுத்தப்படுவது இதனாலேயே.

இரண்டாவது, ஆன்மிக வாழ்வு உலக நன்மைகளைப் பெறுவதற்கான வழி என்பது. மழைக்காகவும் விளைச்சலுக்காகவும் வேண்டுவது தவறன்று. ஆனால் விலை ஏறினால் நம்பிக்கை ஏறி, விலை இறங்கினால் நம்பிக்கையும் இறங்குமானால், அங்கே மேலான மதிப்பு விலைக்கே தரப்பட்டிருக்கிறது. பவுல் தம் கணக்கை எழுதியபோது விடுதலை பெற்றிருக்கவில்லை, சிறையில்தான் இருந்தார்.

அதே அதிகாரத்தில் அவர், தாம் இன்னும் இலக்கை அடைந்துவிடவில்லை என்றும், ஓட்டக்காரரைப் போல முன்னோக்கி ஓடிக்கொண்டிருப்பதாகவும் எழுதுகிறார். ஆன்மிக வாழ்வின் மேன்மையை உணர்ந்தவர் தம்மைப் பிறரைவிட மேலானவராக எண்ண இடமில்லை. அவ்வாறு எண்ணினால், நஷ்டத்தின் பக்கம் எழுதிய பெருமையையே மீண்டும் இலாபத்தின் பக்கம் எழுதியவராவார்.