ஆறு மைல் ஆறும் ஐந்நூறு பவுனும்

உலகம் உருண்டை என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அறியும். ஆயினும், ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று விரதம் பூண்டவருக்கு அதை நிரூபித்துக் காட்டுவது எத்தகைய வம்பு என்பதற்கு, ஆல்பிரெட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானியின் கதையைக் கேட்க வேண்டும். டார்வினுடன் இயற்கைத் தேர்வுக் கொள்கையை வெளியிட்ட மேதாவி அவர்.

1870 ஜனவரியில் ஜான் ஹாம்டன் என்ற கனவான், உலகம் தட்டை என்று ஸாதித்து, நீர்மட்டம் வளைந்திருப்பதை யாராவது காட்டினால் 500 பவுன் தருவதாகப் பந்தயம் கூறினார். வாலஸ் தம் நண்பரான பூகர்ப்ப சாஸ்திரி சார்லஸ் லையலை யோசனை கேட்டார். கண்ணெதிரே காட்டிவிட்டால் இந்த மூடர்கள் ஓய்ந்துவிடக் கூடும் என்றார் லையல். பெரியவர்களும் ஏமாறுவதுண்டு!

மார்ச் மாதம், கிழக்கு இங்கிலாந்தில் நேராக ஓடும் பழைய பெட்போர்டு கால்வாயில் பரீட்சை நடந்தது. 6 மைல் இடைவெளியில் இரு பாலங்கள். ஒன்றில் தூரதிருஷ்டிக் கண்ணாடி. மற்றொன்றில் கறுப்புப் பட்டையிட்ட வெள்ளைத் துணி. நடுவே கம்பத்தில் ஒரு சிவப்பு வட்டம். மூன்றும் நீருக்கு மேல் ஒரே உயரம். நீர்மட்டம் தட்டையாயின் மூன்றும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். அமையவில்லை, நடுவிலிருந்த வட்டம் உயர்ந்து நின்றது.

ஹாம்டன் தரப்பு நடுவர் கார்ப்பெண்டர், தட்டை உலகத்தை ஆதரித்துத் தாமே புத்தகம் எழுதியவர். மட்டம் பார்க்கும் கருவியாலும் பார்க்க வேண்டுமென்றார். அப்படியே பார்த்தார்கள். கருவியின் குறுக்கிழைக்குக் கீழே வட்டமும், அதற்கும் கீழே ஏறக்குறைய அதே அளவு தள்ளித் தூரத்துப் பட்டையும் தெரிந்தன. உலகம் தட்டையானால் இரண்டும் இழையின் மேலேயே அல்லவா பொருந்த வேண்டும்? கார்ப்பெண்டரோ, இடைவெளிகள் சமம், ஆகையால் மூன்றும் நேர்கோடு, ஆகையால் உலகம் தட்டை என்று பூரித்துப் போனார். கண்டதை வரைந்த படம் சரியானதே என்று கையெழுத்தும் இட்டார்! ஹாம்டன் கண்ணாடியில் கண் வைக்கவே மறுத்துவிட்டார். கார்ப்பெண்டர் பார்த்தால் போதுமாம்.

படத்தைப் பற்றித் தகராறே இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். படத்தின் பொருளைப் பற்றித்தான் தகராறு. பொது மத்தியஸ்தரான 'பீல்டு' பத்திரிகாசிரியர் வால்ஷ், வெற்றி வாலஸுக்கே என்று தீர்ப்பளித்தார். அவ்வளவுதான், விவகாரம் ஆற்றை விட்டு ஆசாமிகள் மேல் ஏறிற்று. வாலஸ் திருடர், மோசக்காரர் என்று சங்கத் தலைவர்களுக்கும் அண்டை அயலாருக்கும் கடிதங்கள் பறந்தன. பூமியின் வடிவத்தை மறுக்க ஆதாரம் வேண்டும். ஒருவருடைய யோக்கியதையை மறுக்கத் தபால் தலை போதுமல்லவா? வாலஸின் மனைவிக்கே, உன் கணவன் ஒருநாள் மண்டை நொறுங்கி வீடு வந்து சேருவான் என்ற கருத்தில் ஒரு கடிதம் போயிற்று. அவதூறுக் குற்றத்துக்காக ஹாம்டன் சிறை சென்றார். வெளியே வந்ததும் மறுபடி எழுதத் தொடங்கினார்.

1876-இல் கோர்ட்டார், பந்தயம் சட்டப்படி செல்லாது என்று கூறி, ஹாம்டன் கட்டிய பணத்தை அவருக்கே திருப்பித் தரச் செய்தனர். உலகத்தின் உருவத்தைப் பற்றி அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஜயித்த வாலஸுக்கு மிஞ்சியது சுமார் 15 வருஷத் தொல்லையும், சில நூறு பவுன் நஷ்டமுமே.

1904-இல் லேடி பிளவுண்ட் என்னும் சீமாட்டி அதே கால்வாய்க்குப் புகைப்படக்காரர் ஒருவரை அழைத்துச் சென்றார். நீரை ஒட்டித் தொங்கவிட்ட வெள்ளைத் துணி 6 மைலுக்கு அப்பாலிருந்து படத்தில் விழுந்தது. நீர்மேல் காற்றின் அடுக்குகளில் ஒளி வளைந்து வருவதால் இப்படித் தெரிவதுண்டு. சீமாட்டியோ, உலகம் தட்டை என்பதற்கு இதோ அத்தாட்சி என்றார். அப்போது வாலஸுக்கு வயது 81.