கேரம் போர்டில் ஒரு இயற்பியல் பாடம்

ஓடுகிற பொருள் ஏன் நிற்கிறது? பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "கொடுத்த விசை தீர்ந்துபோச்சு" என்று பல பேர் சொல்வார்கள். பெட்ரோல் மாதிரி விசையும் தீர்ந்துபோகிற சரக்கு என்கிற நினைப்பு. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே 'இயக்க விதிகள்'தான். நியூட்டனின் விதியை ஒப்பித்து மார்க் வாங்கிய பிறகும் இந்த நினைப்பு உள்ளே அப்படியே கிடக்கும்.

இதை மாற்ற வடசென்னையில் லேப் தேடி அலைய வேண்டாம். ராயபுரம், காசிமேடு பக்கம் கேரம் விளையாடாத தெரு அபூர்வம். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண்தான்.

முதல் சோதனை. வழவழப்பான நோட்டு அட்டை ஒன்றைப் போர்டின் ஓரத்தில் சாய்த்து வையுங்கள். உச்சியிலிருந்து ஸ்ட்ரைக்கரை நழுவ விடுங்கள். எப்போதும் ஒரே உயரம், அதனால் கிட்டத்தட்ட ஒரே வேகம். முதலில் போர்டில் துண்டு விரித்து, அப்புறம் வெறும் போர்டில், கடைசியாகப் பவுடர் போட்டு. ஒவ்வொரு முறையும் போன தூரத்தை ஸ்கேலால் அளந்து எழுதச் சொல்லுங்கள். தூரம் கூடிக்கொண்டே போகும். கொடுத்த வேகம் ஒன்றுதானே, மாறினது என்ன? உராய்வு. பவுடரின் துகள்கள் பலகைக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் நடுவில் புகுந்து உரசலைக் குறைக்கின்றன. உராய்வே இல்லாவிட்டால்? "நிக்கவே நிக்காது" என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். 1687-ல் நியூட்டன் எழுதிய முதல் விதி அதுதான்.

இரண்டாவது, எல்லாருக்கும் தெரிந்த எரிச்சல். குழிக்கு நேராக இருக்கிற காயை ஓங்கி அடித்தால், காய்க்குப் பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் போய் விழுந்து ஃபவுல் ஆகும். ஏன்? ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கும். காய் ஐந்தரை கிராம்கூடத் தாண்டாது. கனமான பொருள் லேசானதை மோதினால் முன்னால் போய்க்கொண்டேதான் இருக்கும். ஸ்ட்ரைக்கருக்குப் பதில் ஒரு காயால் இன்னொரு காயை நேராகச் சுண்டிப் பாருங்கள். அடித்த காய் கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிடும், மற்றது ஓடும். நிறை சமமானால் உந்தம் ஏறக்குறைய முழுசாகக் கைமாறிவிடுகிறது.

அளந்து முடித்த பிறகு 'உராய்வு', 'உந்தம்' என்கிற சொற்களைச் சொல்லிக் கொடுங்கள். அதுவரை புத்தகம் மூடியே இருக்கட்டும்.